ரயில் போயிருந்தது!

அரக்கப் பரக்க ஓடி வந்து ரயிலடியை அடைகிறீர்கள். பிறகு என்ன ஆயிற்று என்பதை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சொல்ல வேண்டும். மூன்று விதமாகச் சொல்லலாம்.

'ரயில் பர்த்தே' என்றால், நீங்கள் வந்தபோது அது கிளம்பிக்கொண்டிருந்தது. நாலு எட்டு ஓடினால் கடைசிப் பெட்டியைப் பிடிக்கலாம். 'எ பர்த்தி' என்றால், நீங்கள் வந்தீர்கள், அது கிளம்பிற்று. 'ஏதே பர்த்தி' என்றால், நீங்கள் வருவதற்கு முன்னாலேயே போயிருந்தது. ஓடி என்ன பிரயோஜனம்? பெஞ்சியில் உட்கார்ந்து காப்பி சாப்பிட வேண்டியதுதான்!

இந்த மூன்றாவதன் பெயர் 'ப்ளூஸ்-க-பர்ஃபே'. 'பூர்த்தியானதற்கும் மேலே' என்று அர்த்தம். பூர்த்தியானதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. லத்தீன் பண்டிதர்கள் வைத்த பெயர். அவர்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நடந்து முடிந்த ஒரு காரியத்துக்கு முன்பே நடந்து முடிந்த இன்னொரு காரியம்.

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்துக்கொண்ட உங்கள் பெண் இந்த இடத்தில் முகத்தைச் சுளித்தால், அவளிடம் சொல்லுங்கள்: "நான் போவதற்குள் மாமி சமையலை முடித்திருந்தாள்" என்று நாம் தினமும் பேசுகிறோமே, அதுதான் இது. 'முடித்து' என்று ஒன்று, 'இருந்தாள்' என்று ஒன்று. பிரெஞ்சிலும் அதே தந்திரம்தான். ஆனால் நமக்கு 'இரு' ஒன்றே போதும். அவர்களுக்குத் துணை இரண்டு. ஒன்று 'அவ்வார்', அதாவது உடைமை. மற்றொன்று 'எத்ர்', அதாவது இருத்தல்.

சாப்பிடுவதற்கு அவ்வார். 'ஜவே மாஞ்ஜே' என்றால் 'நான் சாப்பிட்டிருந்தேன்'. நீ என்றாலும், அவள் என்றாலும், அவர்கள் என்றாலும் காதில் விழுவது அதே 'அவே'தான். நாங்கள் என்றால் 'அவியோன்', நீங்கள் என்றால் 'அவியே'. ஆறு ரூபங்களில் நாலு ஒரே சத்தம்! 1842-இல் பெஷெரெல் என்பவர் 8000 வினைச்சொற்களுக்கு ஒரு புத்தகம் போட்டார். அவர் பெயரே இன்றும் அங்கே வினை அட்டவணைக்குப் பெயராக விளங்குகிறது. இந்தக் காலத்துக்கு மட்டும் அவ்வளவு பெரிய புத்தகம் தேவையில்லை.

எத்ர் சேர்வது சில வினைகளோடுதான். வாத்தியார்கள் கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்து காட்டுவார்கள். அந்த வீட்டுக்கு வருவது, உள்ளே நுழைவது, மாடி ஏறுவது, இறங்குவது, விழுவது, தங்குவது, வெளியே போவது, அதிலேயே பிறப்பது, இறப்பது, எல்லாம் எத்ர். நம் 'கொள்' சேருகிற எழுந்துகொள்வது, குளித்துக்கொள்வது போன்றவையும் அந்தக் கட்சியே.

இனிமேல்தான் ஸ்திரீகள் கவனிக்க வேண்டிய சமாசாரம். 'நான் போயிருந்தேன்' என்று தமிழில் எழுதினால், எழுதியது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. பிரெஞ்சில் 'ஜேதே அலே' என்று பெண் எழுதினால் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்ட வேண்டும். ஆங்கிலத்தில் 'ஈ' என்கிறோமே, அந்த எழுத்து. பேச்சில் பெரும்பாலும் அது கேட்காது, கண்ணுக்குத்தான் தெரியும். சில சமயம் கேட்கவும் கேட்கும்: இறந்தவன் 'மோர்', இறந்தவள் 'மோர்த்'. (நம் மோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

ஓரோர் டுபேன் என்ற பெண்மணி 1832-இல் ஜார்ஜ் ஸாண்ட் என்று ஆண் பெயரில் நாவல் வெளியிட்டார். 1837-இல் புத்தகமாக வந்த அவருடைய 'ஒரு பிரயாணியின் கடிதங்க'ளில் பேசுகிறவன் ஓர் ஆண். அட்டையில் பெயரை மாற்றினால் போதுமா? 'போயிருந்தேன்', 'வந்திருந்தேன்' என்கிற இடங்களிலெல்லாம் அந்த ஒற்றை எழுத்தையும் விட்டுவிட வேண்டும். ஓரிடத்தில் கை தவறினாலும் வேஷம் கலைந்துவிடும்! ஆன் கரேத்தா என்ற எழுத்தாளர் 1986-இல் இதைவிடத் துணிந்தார். 'ஸ்ஃபேங்க்ஸ்' என்ற தம் காதல் நாவலில், கதை சொல்கிறவர் ஆணா பெண்ணா, காதலிக்கப்படுகிறவர் ஆணா பெண்ணா என்று கடைசிவரை காட்டிக்கொடுக்கவே இல்லை. அந்த எழுத்தை எழுதவும் கூடாது, விடவும் கூடாது என்றால் எவ்வளவு சுற்றிச் சுற்றி வாக்கியம் அமைத்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. நூறு பெண்கள் போயிருந்தால் அந்த எழுத்து உண்டு. கூட ஒரே ஓர் ஆண் போயிருந்தால்? இல்லை! நூறு பேரும் இலக்கணத்தில் ஆண்களாகிவிடுவார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பிரான்ஸிலும் பலருக்குப் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு புள்ளி வைத்து இரு பாலையும் சேர்த்து எழுதலாம் என்று சிலர் கிளம்பினார்கள். 2017-இல் பிரெஞ்சு அகாதமி, இதனால் பாஷைக்கே உயிராபத்து என்று அபயக்குரல் எழுப்பிற்று. அரசாங்கத்தின் ஆணைகளில் அப்படி எழுதவேண்டாம் என்று பிரதம மந்திரியும் சுற்றறிக்கை விட்டார். சண்டை இன்னும் ஓயவில்லை.

ரயில் தவறியவர்களுக்கு இந்தக் காலம் இன்னொரு விதத்திலும் உதவும். 'ஸி ஜவே ஸ்யூ' என்றால் 'தெரிந்திருந்தால்'. பெருமூச்சு விடுவதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. நம் 'தெரிந்திருந்தா'லிலும் அதே 'இரு' ஒளிந்திருக்கிறது, பாருங்கள். பிரெஞ்சுக் குழந்தைகள் இந்த 'ஸி'க்குப் பிறகு 'அவே'யை விட்டு 'ஒரே' என்று தப்பாகப் போடுவார்கள். ஈவ் ரோபேர் 1962-இல் எடுத்த 'பொத்தான் சண்டை' என்ற படத்தில் ஒரு பொடியன் அந்தத் தப்பையும் செய்து, எத்ர் வரவேண்டிய இடத்தில் அவ்வாரையும் போட்டு, ஒரே மூச்சில் இரண்டு பிழை விடுகிறான். இலக்கணம் நன்றாகத் தெரிந்த பாட்டிமார்கூட இன்றுவரை அதை வேண்டுமென்றே அப்படியே தப்பாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.