பழைய காரின் காந்தத்தில் பிறந்த ஒலி

பெல்ஜியத்தின் வின்சென்ட் கெனிஸ், ஆக்சாக் மபூல் என்ற சோதனை ராக் குழுவில் வாசித்தவர். ஒருநாள் வானொலியில் காங்கோ நாட்டுக் குழு ஒன்றின் இசையைக் கேட்டார். கிடார் போல உறுமியது. ஆனால் கிடார் இல்லை!

அது லிகெம்பே. மரப்பெட்டியில் வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகளைக் கட்டைவிரலால் மீட்டும் சிறிய கருவி. கின்ஷாசா நகரத் தெரு இரைச்சலில் அதன் ஓசை எடுபடவில்லை. கெனிஸ் கேட்ட அந்தக் குழுவான கொனோனோ நம்பர் ஒன்னின் நிறுவனர் மிங்கியேதி சும்மா இருக்கவில்லை. பழைய கார்களின் உதிரிபாகங்களில் இருந்து காந்தத்தை எடுத்து, தாமே மைக் செய்து கருவியில் பொருத்தினார். கூம்பு ஒலிபெருக்கி வழியே வந்தபோது ஓசை கரகரத்தது. அந்தக் கரகரப்புதான் கெனிஸைக் கட்டிப்போட்டது.

ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பிறகே அவரால் அந்தக் குழுவைக் கண்டுபிடிக்க முடிந்தது. மடிக்கணினியோடு போய்ப் பதிவு செய்தார். கரகரப்பைத் துடைத்து மெருகேற்றாமல் அப்படியே விட்டார். தயாரிப்பாளராக அவர் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான். அந்த ஒலிப்பதிவு 'காங்கோட்ரானிக்ஸ்' என்ற பெயரில் வெளிவந்ததும் ஐரோப்பிய ராக் ரசிகர்கள் அசந்துபோனார்கள். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தமது 2007 ஆல்பத்தில் கொனோனோ குழுவைச் சேர்த்துக்கொண்டார்.

போலியோவால் நடக்க முடியாத கலைஞர்கள் பலரைக் கொண்ட ஸ்டாஃப் பெண்டா பிலிலி குழுவின் முதல் ஆல்பத்தையும் கெனிஸே தயாரித்தார். 2009-இல் வெளியான அதன் பெரும்பகுதி பதிவானது ஸ்டுடியோவில் அல்ல, கின்ஷாசா மிருகக்காட்சி சாலையின் திறந்தவெளியில்.