பாயிண்ட் டூ டூவாக மாற்றலாமா?

போன ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. வில்வித்தைப் போட்டி நடந்த திடலின் ஓரத்தில், மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவனிடம் ஈஷாப்பூர் .315 ரைஃபிள் இருக்கிறது, லைசென்ஸோடு.

“சார், சுட்டுப் பழகலாம்னா தோட்டா விலை கட்டுப்படியாகல. இதையே பாயிண்ட் டூ டூவா மாத்திரலாமா?”

பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் என்.சி.சி. பார்த்தவன் நான். என் கையில் அதிகம் புழங்கியதே அப்படி மாற்றிய துப்பாக்கிதான். பழைய .303 லீ-என்ஃபீல்டின் குழலைக் குடைந்து, உள்ளே .22 குழாயைச் செருகியது. மேகசின் பெட்டி இருக்கும், ஆனால் வெறும் கூடு. தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். போல்ட்டை இழுத்தால் காலிக் கேஸ் அந்தக் கூட்டுக்குள் விழும். ஐந்து ரவுண்டு முடிந்ததும் பையன்கள் துப்பாக்கியைக் கவிழ்த்து, உள்ளங்கையில் கொட்டி எண்ணிக் காட்டுவார்கள். ஒன்று குறைந்தால் அன்றைக்கு யாரும் பஸ் ஏற முடியாது.

பெரிய தோட்டாவுக்கு அடியில், நெற்றிப் பொட்டு மாதிரி நடுவில் ஒரு கேப் இருக்கும். ஊசி அங்கே குத்தும். .22-க்குப் பொட்டு கிடையாது. தீப்பற்றும் மருந்து விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்க வேண்டும். நசுங்குகிற அளவுக்கு மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் 1887-இல் வந்த .22 லாங் ரைஃபிள் இன்றும் பொடியாகவே இருக்கிறது: குண்டு 2.6 கிராம். .303-இன் குண்டு 11 கிராம்.

ஆக, குழலை மாற்றினால் மட்டும் போதாது. ஊசி விழும் இடமும் மாற வேண்டும். கோளாறு வருவதும் அங்கேதான். ஒரு முகாமில் ஊசி தேய்ந்த ரைஃபிள் ஒன்று என் வரிசைக்கு வந்துவிட்டது. ஐந்தில் இரண்டு வெடிக்கவில்லை. எப்போது வெடிக்குமோ என்று தெரியாமல், குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி அசையாமல் படுத்திருந்த பையனின் காது மடல் சிவந்துபோயிருந்தது.

வெளிநாட்டில் ஏ.ஆர்.-15 வைத்திருப்பவர்கள் போல்ட்டை எடுத்துவிட்டு .22 போல்ட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். சுலபம்தான். ஆனால் .22 குண்டுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு போதும். அந்தக் குழலிலோ 7 அல்லது 9 அங்குலத்துக்கே ஒரு முறுக்கு. குறி சிதறும். குறி முக்கியம் என்று தனிக் குழல் போடுகிறவர், அந்தக் காசுக்குத் தனி .22 ரைஃபிளே வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால், மாற்றுவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: அதே எடை, அதே ட்ரிகர், அதே சைட். கிட்டத்தட்ட 4 கிலோ இரும்பையும் மரத்தையும் தாங்கி 25 கஜத்தில் சுட்டுப் பழகியவனுக்கு, பெரிய தோட்டாவுக்குப் போகும்போது தோளில் விழும் உதை மட்டும்தான் புதுசு.

“பழகுறது கிடக்கட்டும். நிஜமா எதுக்குடா?” என்றேன்.

“சாமைக் காட்டுல பன்னி, சார்.”

அந்த விழா நாயகன் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. .22 ஒரு பன்றியைக்கூட ஒழுங்காகச் சாய்க்காது. அது காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து சாகும். 1972 வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது. நினைத்தபடி சுட முடியாது. துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் தனி உரிமம் வேண்டும். லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பட்டறைக்காரரும் சேர்ந்து கம்பி எண்ணுவார்.

“பன்னிக்கு வனத்துறையில மனு குடு. பழகணும்னா புதுசா ஒரு .22 வாங்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான். உனக்கு இன்னும் ஒண்ணுக்கு இடம் இருக்கு.”

“அதுக்கு நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் போகணுமே, சார். 70 கொண்டை ஊசி வளைவு!” என்றான்.