செப்புக் காசு சொல்லும் செய்தி

மாணவர்களே, உரோமாபுரி நாணயம் என்றவுடன் பொன்னும் வெள்ளியுமே நம் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் குவியல்களாகக் கிடைத்தன. புதுக்கோட்டைச் சீமையிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898-ஆம் ஆண்டில் 501 பொற்காசுகள் வெளிப்பட்டன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ, அவற்றின் அருகே வைத்தால் எவரும் திரும்பிப் பாராத சிறு செப்புக் காசு. செம்போடு வெள்ளீயமும் ஈயமும் கலந்த வெண்கலக் காசுகளையும் பொதுவாகச் செப்புக் காசு என்றே வழங்குவர்.

இவை மதுரையிலும், கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் கிடைத்துள்ளன. நாணய அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரை, கரூர் ஆகிய இடங்களின் காசுகளை ஆராய்ந்து 1994-இல் ஒரு நூல் வெளியிட்டார். இக்காசுகளுள் மிகப் பல கி. பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பொன், வெள்ளிப் புதையல்களோ பெரும்பாலும் முதல் இரு நூற்றாண்டுகளுக்கு உரியவை. அவற்றை மட்டும் நோக்குவோர், யவன வாணிகம் அத்துடன் அற்றுப்போயிற்று என்று முடிவு கட்டிவிடுவர். அம்முடிவு பிழை என்று காட்டும் சான்று இச்செப்புக் காசே. இலங்கையில் இவை ஆயிரக்கணக்கில் கிடைப்பதோடு, இவற்றைப் பார்த்து உள்ளூரில் செய்த காசுகளும் கிடைக்கின்றன. கடைத்தெருவில் சில்லறையாகச் செலாவணி ஆகாத காசை யார் பார்த்துச் செய்வர்?

எனினும், காசு கிடைத்த இடத்திற்கு யவனரே வந்தனர் என்று கூறிவிடலாகாது. எங்கள் பள்ளத்தூர் வீட்டுப் பெட்டகத்தில் விக்டோரியா அரசியின் தலை பொறித்த மலாய் நாட்டுச் செப்புக் காசு இருக்குமானால், அரசி பள்ளத்தூருக்கு வந்தார் என்பதா பொருள்? அவ்வீட்டார் கடல் கடந்து கொண்டுவிற்றனர் என்பதே பொருள்.

இனி, காசைப் படிக்கும் முறையைக் கூறுவேன். முன்புறத்தில் அரசன் தலையும், அதனைச் சுற்றி அவன் பெயரும் இருக்கும். பின்புறத்தில் ஓர் உருவம். குதிரையிலிருந்து விழுபவனை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சியைக் கண்டால், அது 4-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது எனலாம். அடியிலுள்ள இரண்டொரு எழுத்துகள், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா போன்ற எந்த நகரின் அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும்.

இத்தனையும் ஒரு விரல்நுனி அகலத்தில் அடங்கியிருப்பதால், பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் எழுத்தெல்லாம் போய்விடும். பச்சைக் களிம்பின் மேற்பரப்பிலேயே எழுத்து நிற்பதும் உண்டு. மெல்லிய தூரிகையால் தளர்ந்த மண்ணை மட்டும் நீக்குதல் போதும். மற்றவற்றை அருங்காட்சியகத்தார் பார்த்துக்கொள்வர்.

அதனினும் முக்கியமானது, கிடைத்த இடத்தைக் குறித்து வைத்தல். அகழாய்வில் ஒரு மண்ணடுக்கில் காசு கிடைத்தால், அவ்வடுக்கு அக்காசு அடிக்கப்பட்ட காலத்துக்கு முந்தியதன்று என அறியலாம். இடம் அறியாமல் கடையில் வாங்கிய காசு இதனைச் சொல்லாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.

பொன்னை எவரும் காப்பாற்றுவர். செப்புக் காசோ எடைக்கு விற்கப்பட்டு உலைக்குப் போய்விடும். அவ்வாறு உருகும் ஒவ்வொரு காசுடனும் நம் நாட்டு வாணிகத்தின் ஒரு சான்று அழிகிறது. அதனைத் தடுக்க, கண்டதைத் தேய்க்காமலும் விற்காமலும் ஆசிரியரிடம் காட்டும் ஒரு மாணவன் போதும்.