பக்கம் திறக்கிறது, பலகை வரவில்லை

குரோம்பேட்டையிலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலை வழியாக அஸ்தினாபுரத்துக்கு வருகிறவர்கள், மாடிப்படிகளின் ஓரத்தில் தொங்கும் டியூஷன் நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் காணாமல் வர முடியாது. அவற்றுள் இணையவழியிலும் வகுப்பு நடத்துகிற ஒரு நிலையத்தார், விடுமுறை நாளொன்றின் இரவில் தங்கள் சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போனார்கள். மறுநாள் மாலை முகப்புப் பக்கம் திறந்தது, மாணவர் பட்டியல் வந்தது, கட்டண விவரமும் வந்தது. ஆனால் ஆசிரியர் பலகையில் எழுதுகிற கணக்கு மட்டும் எந்த மாணவனுடைய திரைக்கும் போய்ச் சேரவில்லை. “சார், பேஜ் ஓப்பன் ஆகுது, போர்டுதான் வரமாட்டேங்குது” என்று பெற்றோர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொலைபேசியில் அழைக்கலானார்கள்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் லக்ஷணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சாதாரண இணையப் பக்கம் என்பது கடிதப் போக்குவரத்தைப் போன்றது. கேட்டால் பதில் வரும், அத்துடன் சம்பந்தம் முடிந்துவிடும். பலகையில் எழுதுவதை உடனுக்குடன் கொண்டுசெல்லும் வெப்சாக்கெட்டோ தொலைபேசியைப் போன்றது, ஒருமுறை இணைப்புக் கிடைத்துவிட்டால், இரு தரப்பாரும் நினைத்தபோது பேசலாம். 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்ற ஆவணத்தின் மூலம் நியமம் பெற்ற இம்முறையே, நேரலை ஸ்கோர், அரட்டை, பங்குச்சந்தை விலை முதலிய அனேக காரியங்களைத் தாங்கி நிற்கிறது.

எனினும் இந்த இணைப்பு பிறப்பது சாதாரண வேண்டுகோளாகத்தான். உலாவியானது, தான் அனுப்பும் கோரிக்கையின் தலைப்பு வரிகளில் ‘அப்கிரேடு’, ‘கனெக்ஷன்’ என்ற இரண்டையும் சேர்த்து, அவற்றுடன் ஒரு தற்செயலான சாவியையும் அனுப்புகிறது. சர்வர் அந்தச் சாவியுடன் நியமத்தில் குறித்த ஒரு நிலையான தொடரை இணைத்து, ஷா-1 முறையில் கணித்து, விடையை 101 என்ற எண்ணுடன் திருப்பி அனுப்பினால்தான் உறவு ஸ்தாபிதமாகும். 101 வராவிட்டால் வெப்சாக்கெட் இல்லை.

இங்கேதான் சங்கடம். இக்காலத்துத் தளங்களில் பெரும்பாலானவை உலாவிக்கும் செயலிக்கும் நடுவே என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற ஒரு சர்வரை நிறுத்தியிருக்கின்றன. மேலே சொன்ன இரு தலைப்பு வரிகளும் ஒரு கட்டத்துக்கு மட்டுமே உரியவை என்பது எச்.டி.டி.பி.யின் விதியாதலால், நடுவிலிருக்கும் சர்வர் தனியே கட்டளையிடப்பட்டாலன்றி அவற்றை அப்பால் அனுப்புவதில்லை. என்ஜின்எக்ஸ் 2013-இல் 1.3.13 பதிப்பிலேயே வெப்சாக்கெட்டைக் கடத்தக் கற்றுக்கொண்டது. ஆயினும் அமைப்புக் கோப்பில் அவ்விரு வரிகளையும் எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையதுதான். அப்பாச்சியிலும் 2.4.47 பதிப்பிலிருந்து இப்பணியை வழக்கமான பிராக்ஸி மாட்யூலே ஏற்றுக்கொண்டுவிட்டபடியால், பழைய ஏற்பாட்டை நம்பியிருந்தவர்கள் புதுப்பித்தபின் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

டியூஷன் நிலையத்தில் நேர்ந்தது என்ன? உபுண்டு சர்வரில் மென்பொருளைப் புதுப்பிக்கையில், நீங்கள் திருத்திய கோப்பை வைத்துக்கொள்வதா, புதியதை நிறுவுவதா என்று அது ஒரு கேள்வி கேட்கும். தூக்கக் கலக்கத்தில், புதியதை நிறுவச் சொல்லும் ‘ஒய்’ விசையை அழுத்திவிட்டார்கள். எழுதிவைத்த அவ்விரு தலைப்பு வரிகளும் புதிய கோப்பில் இல்லை. கொடுத்துவைத்தவர்கள்! பழைய கோப்பு அதே அடைவில் ‘டிபிகேஜி-ஓல்டு’ என்ற பின்னொட்டுடன் பத்திரமாகக் கிடந்தது.

அதைக் கண்டுபிடித்த விதம் குறிப்பிடத்தக்கது. முதலில் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வெப்சாக்கெட் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தார்கள். 101 இருக்க வேண்டிய இடத்தில் 400 நின்றது. பிறகு சர்வருக்குள்ளேயே நுழைந்து, நடுவிலிருப்பதைத் தவிர்த்துச் செயலியின் போர்ட்டுடன் நேராகப் பேசிப் பார்த்தார்கள். உடனே 101 வந்தது. ஆகவே செயலி நிரபராதி, பழுது நடுவில்தான் என்பது சந்தேகமின்றி நிரூபணமாயிற்று. இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் செயலியை மீண்டும் மீண்டும் நிறுவுவதில் எத்தனை இரவுகள் வீணாகின்றன! இழந்த வரிகளைச் சேர்த்து, கோப்பின் இலக்கணம் சரியா என்று சோதித்து, ரீலோடு செய்ததும் பலகை உயிர்பெற்றது.

எல்லாப் பிழையும் இவ்வகையினது அன்று. 403 வந்தால், செயலி அனுமதிக்கும் தளமுகவரிகளின் பட்டியலோடு ‘ஆரிஜின்’ வரி ஒத்துப்போகவில்லையோ என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையையே அணைத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது அந்நியத் தளங்கள் நம் மாணவனுடைய பெயரால் உள்ளே நுழைவதைத் தடுக்கும் காவல். பக்கம் எச்.டி.டி.பி.எஸ்.-க்கு மாறியபின் முகவரி ‘டபிள்யூ.எஸ்.’ என்றே இருந்தால் உலாவி அதைத் தடுத்துவிடும், ‘டபிள்யூ.எஸ்.எஸ்.’ என்று மாற்ற வேண்டும். எச்.டி.டி.பி. 2-இல் 101 என்ற பதிலே கிடையாது. 2018-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8441 அங்கே வெப்சாக்கெட்டுக்கு வேறு வழி வகுத்திருப்பதால், அவ்வழியைத் திறந்துவிடுகிற புதிய சர்வருக்குப் பின்னால் அதை அறியாத பழைய நூலகம் இருந்தாலும் இணைப்பு முறியும்.

மிகவும் ஏமாற்றக்கூடியது, இணைப்புக் கிடைத்து, சிறிது நேரம் பேசி, பின்பு 1006 என்ற குறியீட்டுடன் மௌனமாக அறுந்துபோகும் வகை. செயலியிடமிருந்து 60 விநாடி எந்தச் செய்தியும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் இயல்பாகவே இணைப்பை மூடிவிடும். ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்கும்போது பலகையில் ஒன்றும் எழுதாவிட்டால் போதும். அந்தக் காலவரம்பை நீட்டலாம். அதைவிட, நியமத்திலேயே உள்ள ‘பிங்’ செய்தியைச் செயலி அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி செய்வது உசிதம், செத்த இணைப்புகளும் அதனால் தெரிந்துவிடும். ஆகையினால் புதுப்பித்தபின் சோதிக்கிறவர்கள், பலகையைத் திறந்து ஒரு கோடு போட்டுப் பார்த்ததோடு எழுந்துவிடாமல், இரண்டு நிமிஷமாவது எதுவும் எழுதாதிருந்து மறுபடி ஒரு கோடு போட வேண்டும்.