"தர்க்கம் பண்ணாதை!"

செவன் கிங்ஸில் எங்கள் வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பிள்ளை குரலை உயர்த்தியிருக்க வேண்டியதில்லை; "ஏன்?" என்று கேட்டாலே போதும். தர்க்கம் என்பது காரணம் காட்டிப் பேசும் சாத்திரத்தின் பெயர். நமது பேச்சிலோ அது சண்டைக்கு முந்திய படி. இந்தியத் தருக்க மரபொன்றின் பெயரான 'நியாயம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். "நியாயம் பிளக்கிறான்" என்றால் யாழ்ப்பாணத்தில் அது பாராட்டல்ல. ஆங்கிலத்தின் 'ஆர்கியுமென்ட்' என்ற சொல்லும் வாதம், சண்டை இரண்டையும் சுமக்கிறது.

அன்றாட வாக்குவாதத்தில் யார் சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார், யார் வென்றார் என்பனவே முக்கியம். அளவையியலில் இவற்றுக்கு இடமில்லை. சில எடுகூற்றுகள், அவற்றிலிருந்து ஒரு முடிவு, அவ்வளவுதான் வாதம். எடுகூற்றுகள் உண்மையானால் முடிவு பொய்யாக முடியாது என்றால் அது வாய்ப்பான வாதம். ஓர் உதாரணம்: செவன் கிங்ஸில் வாழ்வோர் எல்லோரும் அரசர்கள், நான் செவன் கிங்ஸில் வாழ்கிறேன், ஆகவே நான் அரசன். வடிவத்தில் இதில் ஒரு குறையுமில்லை. முதல் எடுகூற்றுத்தான் பொய்!

இந்த இடத்தில் மணிமேகலை நமக்கு உதவுகிறது. அதன் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையைப் போதிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என வாதத்தின் உறுப்புகள் ஐந்து. கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களை திட்டாந்தம். வெறும் வடிவம் இங்கே போதாது. கேட்பவரும் கண்டறிந்த ஓர் உதாரணம் வேண்டும். 9 பக்கப்போலி, 14 ஏதுப்போலி, 10 திட்டாந்தப்போலி என 33 பிழைகளையும் அக்காதை வகைப்படுத்துகிறது. குரலை உயர்த்துவது அந்தப் பட்டியலில் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை.

இனி வீட்டுக்கு வருவோம். "நாங்கள் தமிழர், ஆகவே நீ தமிழ் படிக்க வேணும்" என்கிறோம். தமிழர் எல்லோரும் தமிழ் படிக்கத்தான் வேண்டும் என்ற எடுகூற்றை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்றாடப் பேச்சு இப்படித்தான் பாதியைச் சொல்லாமல் விடும்; இரு தரப்பும் அதை ஏற்கும்வரை தொல்லையில்லை. ஊரில் அது சொல்லாமலே விளங்கியது. இங்கே பிறந்த பிள்ளைக்கு விளங்காது. "மச்சாளும் தமிழ்தானே, அவள் படிக்கேல்லையே?" என்று பிள்ளை கேட்டால், அது நாம் விட்ட இடைவெளியைச் சரியாகத் தொடுகிறது. எதிர்த்துக் கதைப்பதாக எடுத்து நாம் அதட்டினால், பிள்ளை வாயை மூடும்; தமிழ் வகுப்புக்கும் போகும். ஆனால் காரணம் அதன் கையில் சேராது. வளர்ந்தபின் தமிழை விடுவதற்கும் அதற்குக் காரணம் தேவைப்படாது.

"அம்மம்மாவோடை போனிலை நீயே கதைக்கலாம்" என்பது அந்த இடைவெளியை நிரப்பும் ஓர் ஏது. அதை ஏற்பதா மறுப்பதா என்று பிள்ளை தர்க்கம் பண்ணட்டுமே.