கடலோடு பழகு – 6: மைத்துனன் பிடித்த கயிறு

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் வைத்தார்கள். 2024-இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனாலும் துறைமுகத்தில் டிக்கெட் வாங்க நின்றவர்கள் எல்லோரும் “ஹேவ்லாக்” என்றுதான் கேட்டார்கள். நாங்களும் அப்படியே கேட்டு வாங்கி ஏறினோம். வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், அவர் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், கல்லூரிக் காலத்தில் நீச்சலுக்குப் பதக்கம் வாங்கிய வக்கீல், நான். கரையேறியதும் வெயில், இளநீர், கோவிந்த் நகர் கடைத்தெருவில் வங்காளத்துப் பேச்சு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய தீவு இது.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் கடலுக்குள் அரைமணி நேரம் இறங்குகிறார்கள். பயிற்சியாளர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நகர்த்துவார், மீன் வரும், படம் எடுப்பார்கள், முடிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது சுற்றிப் பார்ப்பது, கற்றுக்கொள்வது வேறு. ஸ்கூபாவுக்கான முறையான ஆரம்பப் படிப்பில் பாடம் உண்டு, தேர்வு உண்டு, ஆழமில்லாத நீரில் பயிற்சி உண்டு, அதற்குப் பிறகு கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். தேறினால், துணைக்கு ஒருவரோடு 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று சான்றிதழ் தருவார்கள். நாங்கள் போனது இதற்காக.

முதல் தடங்கல் தண்ணீருக்கு வெளியிலேயே வந்தது. உடல்நிலை பற்றிய படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார் வங்கி நண்பர். சளி இருந்தது; மாத்திரை போட்டு மறைத்திருந்தார். அவர் குரலைக் கேட்டதுமே பயிற்சியாளர், “நாளைக்குப் பார்ப்போம் சார்” என்று உட்காரவைத்துவிட்டார். இறங்க இறங்க நீரின் அழுத்தம் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி, உள்ளே காற்றை அனுப்பிச் சமன் செய்ய வேண்டும். சளி அடைத்திருந்தால் அந்த வழி திறக்காது. மாத்திரை வழியைத் திறந்துவிட்டு, கீழே இருக்கும்போது அதன் வேகம் தீர்ந்துபோனால் இன்னும் மோசம்: ஏறும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற இடமிருக்காது. நண்பருக்கு அன்று முழுக்கக் கோபம். எனக்கு அந்தப் பயிற்சியாளர் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அவர் மாயாபந்தர் பக்கத்துக் கரேன் இன இளைஞர். 1925-இல் பர்மாவிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்டவர்களின் வம்சம். இந்தியும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். அவர் சொன்ன முதல் விதி: “மூச்சைப் பிடிக்காதீங்க. எப்பவும்.”

இது நமக்கு நேர்மாறாகத் தோன்றும். தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்களின் திறமையே மூச்சடக்குவதுதானே? காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். அவர்கள் நெஞ்சில் இருப்பது கடல்மட்டத்தில் இழுத்த காற்று. கீழே போனால் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். நாம் சுவாசிப்பதோ கீழே, அழுத்தத்தில். கடல்மட்டத்தில் ஒரு மடங்கு அழுத்தம் என்றால் 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் பலூன் இல்லை; கிழிந்துவிடும்.

பதக்கம் வாங்கிய வக்கீல் திணறியது இங்கேதான். நீச்சல்காரருக்கு முகம் தண்ணீரில் பட்டதும் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. ஆசிரியைக்கு அந்தப் பழக்கமே இல்லை. 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும் என்றபோது பயந்தார். ஆனால் அதற்கு நேர வரம்பு கிடையாது. நிதானமாக, பாதி மல்லாந்தபடியே முடித்தார். நெமோ ரீஃப் பக்கத்து ஆழமில்லாத மணல்தரையில் முழங்காலிட்டு, மாஸ்க்கைக் கழற்றி, மாட்டி, மூக்கால் ஊதி உள்ளிருந்த நீரை வெளியேற்றச் சொன்னபோது, அதை முதல் தடவையே செய்தவர் அவர்தான். கண்ணில் உப்புநீர், மூக்கில் உப்புநீர், வாயில் மட்டும் காற்று. இந்த நிலையில் பதறாமல் இருப்பதுதான் படிப்பின் பெரும்பகுதி. காற்றைத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தேடிப் பிடிப்பது, காற்று தீர்ந்ததாக வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் கேட்பது எல்லாம் இதே வகை. தவறு நடக்கும் என்று முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார்கள்.

முத்துக் குளிப்பவனின் கயிற்றை மேலே மைத்துனன்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பது கணக்கு. ஸ்கூபாவில் அந்த இடம் கூட இறங்கும் துணைக்கு. இறங்கும் முன் அவர் வால்வு திறந்திருக்கிறதா, பட்டை இறுகியிருக்கிறதா என்று நான் பார்க்கிறேன், எனக்கு அவர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டர் 50-க்கு இறங்கும்போது இருவரும் மேலே இருக்க வேண்டும். யாருக்கு முதலில் குறைகிறதோ அவர் கணக்குதான் இருவருக்கும். எனக்கு வக்கீல் துணையாக வாய்த்தார். கரையில் பேச்சை நிறுத்தாதவர், கீழே கையால் மட்டுமே பேச வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். முதல் மீன்கூட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் அவர் உயர்த்த, பயிற்சியாளர் உடனே எல்லோரையும் மேலே கூட்டிப்போய்விட்டார்.

பவளம் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. நான் சொல்வது இரண்டே: ஐந்தாறு மீட்டருக்குக் கீழே சிவப்பு மங்கிவிடும், படங்களில் காணும் நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்தமான் பவளம் 2010-இல் கடல் சூடேறி வெளுத்துப் பெரும் சேதம் கண்டது. அதன் மேல் காலை ஊன்றாதீர்கள்.

விமானத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும், மெதுவாகத்தான் வெளியேறும். விமான அறையில் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு என்பதால் அது குமிழாகக் கிளம்பக்கூடும். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் சிலர் கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மதியம் விமானம் என்று அட்டவணை போட்டுத் தருகிறார்கள். அப்படிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடலை முதலில் வைத்து, போர்ட் பிளேர் சிறைச்சாலையையும் கடைத்தெருவையும் கடைசி நாளுக்குத் தள்ளச் சொல்லுங்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

(தொடரும்)