கவட்டைக் காலும் முட்டி தட்டும் காலும்

இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், காவத்தையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களிலும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகின்ற உரிமை பெரும்பாலும் அம்மாயிக்கோ அப்பாயிக்கோ உரியது. தம் கால்களை நீட்டி அமர்ந்து, அவற்றின் மேல் சிசுவைக் கிடத்தி, எண்ணெய் தடவி, முழங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நீவுகையில், "இப்பவே இழுத்து விட்டாத்தான் கால் நேரா வரும்" என்று அவர் சொல்வதை லயத்திலே மறுப்பார் இல்லை. பிள்ளை நடக்கத் தொடங்கிய பின்னும் கால் வில்லாக வளைந்திருக்கக் கண்டாலோ, "ஏன் புள்ள, எந்நேரமும் இடுப்புலயே வெச்சிருந்தா வளையாம என்ன செய்யும்?" என்று தாயைக் கடிந்து கொள்வதும் உண்டு.

எண்ணெயால் நிமிர்வதுமில்லை, இடுப்பால் வளைவதுமில்லை. தாயின் கர்ப்பத்தில் கால்களை மடக்கிச் சுருண்டு கிடந்த சரீரம் அந்த வளைவோடுதான் பிறக்கிறது. கால்களை அகட்டி இடுப்பில் வைத்துக் கொள்வது இடுப்பு மூட்டுக்கு நன்மையே செய்யும். ஏறக்குறைய இரண்டு வயதளவில் தானே நிமிர்கின்ற கால், அங்கே நின்றுவிடாமல் எதிர்ப்புறம் திரும்பி, மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டுமளவுக்கு உட்சாய்ந்து, ஏழு வயதுக்குள் பெரியவர்களின் நிலைக்கு வந்து சேர்கிறது. பின்லாந்தில் சலேனியஸ், வாங்கா என்னும் இரு வைத்தியர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் முழங்கால்களை அளந்து 1975 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தக் கிரமத்தையே காட்டிற்று. ஆகவே இரண்டு வயதிலே கவட்டைக்கால் என்று கவலைப்பட்ட அதே தாய், நான்கு வயதிலே முட்டி தட்டுகிறதென்று கவலைப்படுவாளாயின், அவள் கண்டது இரண்டு வியாதிகளை அல்ல; ஒரே வளர்ச்சியின் இரண்டு கட்டங்களை. இந்தப் பிராயத்தில் விசேஷச் சப்பாத்தும் வேண்டாம், கட்டும் வேண்டாம்.

ஆனால் எல்லா வளைவும் இவ்வகையினது என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. ஒரு காலில் மட்டும் வளைவு, இரண்டு வயதுக்குப் பின் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வளைவு, நோவு, நொண்டல், வயதுக்கேற்ற உயரமின்மை, மணிக்கட்டு தடித்தல் ஆகிய இவற்றில் எது காணப்பட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். சூரிய வெளிச்சத்தினால் தோலில் உண்டாகும் விற்றமின் டி குறைந்தோ, உணவில் கல்சியம் குறைந்தோ எலும்பு இளகிப்போவதைக் கணைச்சூடு என்று நம்மவர் பிழையாகச் சொல்வதுண்டு. வைத்திய சாஸ்திரத்தில் அது றிக்கெற்ஸ். நிலக்கரிப் புகை வானத்தை மூடியிருந்த கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளைகளை அது வாட்டிய காலத்தில், வில்லியம் மக்யூவன் என்னும் சத்திர வைத்தியர் எலும்பை வெட்டி நிமிர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தி 1880 இல் நூலாகவே எழுதினார். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆயினும் மழை விடாத நாட்களில் லயத்து அறைக்குள்ளேயே வைத்திருந்து, ரொட்டியும் பிளேன்டீயுமே கொடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு அந்த வெயிலால் என்ன பயன்? முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடும், முருங்கைக்கீரையும், கிடைத்தால் பாலும், தினம் சற்று நேர வெளிச்சமும் இதற்குத் தடுப்பு.

தண்ணீரும் காலை வளைக்கும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஹைதராபாத்தின் தேசிய போஷாக்கு நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், நிலத்தடி நீரில் புளோரைட் மிகுந்த ஆந்திரப் பகுதியில், இளம்பிராயத்தினரிடம் முழங்கால்கள் கொடுமையாக உட்சாய்ந்திருப்பதைக் கண்டு 1973 இல் உலகுக்கு அறிவித்தனர். நம் இரத்தினபுரி மலைப்பகுதியின் பெருமழை இந்த உப்பை அடித்துக்கொண்டு போய்விடுவதால் இங்கே அந்தப் பயமில்லை; ஆனால் இதே மாவட்டத்தின் வறண்ட தென்கோடியில், உடவளவைப் பக்கத்தில், கிணற்று நீரின் புளோரைட் பிள்ளைகளின் பற்களிற் கறையாக வெளிப்படுகிறது. கால்வரைக்கும் போகாவிட்டாலும் தண்ணீரின் குணம் முதலிலே தெரிவது பல்லில்தான்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. றிக்கெற்ஸுக்கு விற்றமின் டியும் கல்சியமும் தகுந்த அளவில் கொடுத்தால் சிறுபிள்ளைகளின் வளைவு பெரும்பாலும் கத்தியின்றியே நிமிரும். ஏழெட்டு வயது தாண்டியும், முழங்கால்களை ஒட்டி நிற்கும்போது கணுக்கால்களுக்கிடையே 8 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் எலும்பு வைத்தியர் பார்த்தாக வேண்டும். இன்றைய முறையில், கவட்டைக்காலுக்கு வளைவின் வெளிப்பக்கமாக, எலும்பின் வளர்தட்டுக்குக் குறுக்கே, எட்டு என்னும் ஆங்கில இலக்க வடிவான சிறு தகடொன்றை இரண்டு திருகாணிகளால் பொருத்துகிறார்கள். முட்டி தட்டும் காலுக்கு அதை உட்பக்கத்தில் வைப்பார்கள். தகடிருக்கும் பக்கம் தடைப்பட, மறுபக்கம் வளர்ந்து வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் கால் தன் வளர்ச்சியாலேயே நேராகிறது. பின்பு தகட்டை எடுத்துவிடுவார்கள். வளர்ச்சி நின்ற பின் வந்தால் மக்யூவன் வழிதான், அதாவது எலும்பை வெட்டத்தான் வேண்டும். பெண்பிள்ளைக்கு ஏறக்குறைய 14 வயதிலும் ஆண்பிள்ளைக்கு 16 வயதிலும் தகட்டால் நிமிர்த்தும் வாய்ப்பு முடிந்துபோகிறது.

தோட்டத்திலே இந்தக் காலக்கெடு எப்படித் தவறுகிறது என்பது எல்லாரும் அறிந்ததே. இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்புச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ போய்வர ஒரு நாள் வேண்டும். அன்றைக்குக் கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் ஒரு பேர், அதாவது ஒரு நாட் சம்பளம், போகும். அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிக் காத்திருக்கும் காலத்திலும் ஒன்று செய்யலாம்: ஆறு மாதத்துக்கொருமுறை பிள்ளையை இஸ்தோப்பில் நேராக நிறுத்தி, முழங்காலின் சிரட்டை முன்னோக்கியிருக்க, கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடித்து வைக்கலாம். எப்போது போனாலும் வைத்தியர் கேட்கப்போகும் கேள்வி, வளைவு கூடியதா குறைந்ததா என்பதுதான். அதற்குத் தாயின் ஞாபகத்தைவிட அந்தப் படங்கள் நன்றாகப் பதில் சொல்லும்.